சிக்னலைப் பெரிதாக்கிய மனிதர் – மேஜர் ஆம்ஸ்ட்ராங்

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் & தொடர்பியல் பிரிவு)



நம்ம பேரவை ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு போட்டதும், எல்லாரையும் போல நானும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் நகரவில்லை. நட்பைப் பற்றி ஏற்கெனவே பதினொரு பேர் கவிதை கொடுத்திருப்பதாக மலர்க் குழுவிலும் சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான், போன செமஸ்டரில் செமினார் வகுப்பில் நான் அசடு வழிந்து நின்ற கதை ஞாபகம் வந்தது. அந்தக் கதையிலிருந்து ஒரு பெரிய மனிதரின் கதைக்குப் போகலாம். வாங்க.

எனக்கு வந்த செமினார் தலைப்பு, வாகனத்தில் செல்போன் சிக்னல் பூஸ்டர் பொருத்துவது. அமெரிக்காவில் கேம்பர் வேன் என்று ஒன்று உண்டு. வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். காடு, மலை, பாலைவனம் என்று சுற்றிக்கொண்டே, வேனில் உட்கார்ந்தபடி ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே டவர் எங்கேயோ தூரத்தில் நிற்கும். போதாக்குறைக்கு வேனின் தகர உடம்பு வருகிற கொஞ்ச சிக்னலையும் தடுத்துவிடும். அதற்குத்தான் பூஸ்டர்.

சமாசாரம் எளிதுதான். வேனின் கூரைமேல் ஒரு ஆன்டெனா. அதிலிருந்து கோஆக்ஸியல் கேபிள் வழியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி. பெட்டியிலிருந்து வேனுக்குள் இன்னொரு சின்ன ஆன்டெனா. டவரிலிருந்து வருவதைப் பெரிதாக்கி உள்ளே கொடுக்கும். நம் போன் அனுப்புவதைப் பெரிதாக்கி டவருக்கு அனுப்பும். இரண்டு திசையும் குழம்பாமல் இருக்க டியூப்ளெக்சர் உண்டு. மின்சாரம் வேனின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, நடுவில் ஒரு ஃபியூஸ். வெளியே சிக்னல் சுத்தமாக இல்லையென்றால் பூஸ்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. இருப்பதைத்தான் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது.

இவ்வளவையும் நான் கடகடவென்று ஒப்பித்தேன். விளக்கிக் காட்ட ஒரு மைக், ஒரு சின்ன ஆடியோ ஆம்ப்ளிஃபையர், ஒரு ஸ்பீக்கர் வைத்து மாடலும் செய்து கொண்டுபோயிருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் பாருங்க, கீ... என்று ஒரே கூச்சல்! வகுப்பே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டன. நம்ம ஊர்த் திருவிழாவில் மைக்செட்காரர் அலறுவாரே, அதே கதைதான்.

துறைத்தலைவர் சார் சிரிக்கவில்லை. பூஸ்டரிலும் இதே கூச்சல் வரும், கூரை ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் போதும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கூச்சலை, அதாவது ஃபீட்பேக்கை, அடக்கி ஆண்டு, ரேடியோ சிக்னலைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டிய மாணவர் யார்? மாணவர் என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார். ஆம்ப்ளிஃபையர் என்ற சொல்லை அன்றைக்கு நான் நாற்பது தடவையாவது உச்சரித்திருப்பேன். பதில் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் லைப்ரரியில் தேடினேன். பெயர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். அவர் வாழ்க்கையை நான் புரிந்துகொண்ட அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

மாடி அறைப் பையன்

1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சிறுவயதில் எட்வினுக்கு ஒரு நரம்புக் காய்ச்சல் வந்தது. கை கால் தானாக வெட்டி வெட்டி இழுக்கும் நோய். இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகமுடியவில்லை. நோய் போன பிறகும், பதற்றம் வந்தால் தோளும் முகமும் துடிப்பது ஆயுள் முழுக்கப் போகவில்லை.

குடும்பம் யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஹட்சன் ஆற்றைப் பார்த்த வீடு. மேல்மாடியில் ஒரு அறை அவருக்கு. மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி வாங்கிய காலம் அது. பையனுக்கு வயர்லெஸ் பைத்தியம் பிடித்தது. 1910-இல் வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரத்துக்கு ஆன்டெனா கம்பம் நட்டார். அதில் தானே ஏறி வேலை பார்த்தார். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1909-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் சேர்ந்தார். பேராசிரியர் மைக்கேல் பூப்பின் அவருக்கு ஆசான். அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்பு நிற இண்டியன் மோட்டார் சைக்கிளில் யாங்கர்ஸிலிருந்து தினமும் காலேஜுக்கு வந்துபோனார். நம்மில் பைக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்!

விசிலுக்குள் ஒளிந்திருந்த புதையல்

அந்தக் காலத்தில் ஆடியான் என்று ஒரு வால்வு இருந்தது. லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் கண்டுபிடித்தது. கிரிட், பிளேட், ஃபிலமென்ட் என்று நாம் படிக்கிற ட்ரையோடின் தாத்தா. அது எப்படி வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. சிக்னலைப் பிடிக்கும், ஆனால் காதில் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டுதான் கேட்கணும்.

ஆம்ஸ்ட்ராங் அதைப் பொறுமையாக அளந்து பார்த்தார். பிளேட்டில் வருகிற மின்னோட்டத்தில் உயர் அதிர்வெண் இன்னும் இருக்கிறது என்று கண்டார். அதில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி கிரிட்டுக்கே கொடுத்தால் என்ன? 1912-இல், மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு, செய்து பார்த்தார். காதில் அழுத்திக் கேட்ட சிக்னல், ஹெட்ஃபோனை மேஜைமேல் வைத்தாலும் அறை முழுக்கக் கேட்டது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமிருந்து வந்த செய்திகளும் யாங்கர்ஸ் மாடி அறையில் விழுந்தன.

ஃபீட்பேக்கை இன்னும் கூட்டினால் ஒரு கட்டத்தில் சர்க்யூட் விசில் அடிக்க ஆரம்பித்தது. மற்றவர்கள் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார்கள். அவர் அதிலும் ஒரு விஷயத்தைப் பார்த்தார். லூப் கெயின் ஒன்றை நெருங்கும்போது அது பிரமாதமான ஆம்ப்ளிஃபையர். ஒன்றைத் தொட்டதும் அது ஆஸிலேட்டர், தானே அலையை உண்டாக்கும் டிரான்ஸ்மிட்டர். ஒரே சர்க்யூட், இரண்டு வேலை! இதுதான் ரெஜெனரேட்டிவ் சர்க்யூட்.

இப்போது நம்ம கேம்பர் வேனுக்கு வருவோம். அமெரிக்காவில் 2013-இல் பூஸ்டருக்கு விதிமுறை வகுத்தார்கள். எல்லா கம்பெனி அலைவரிசைக்கும் பொதுவான வண்டிப் பூஸ்டரின் கெயின் 50 டெசிபலைத் தாண்டக்கூடாது. 50 டெசிபல் என்றால் பவர் கணக்கில் ஒரு லட்சம் மடங்கு. உள் ஆன்டெனாவிலிருந்து கசிந்து கூரை ஆன்டெனாவுக்குப் போகிற சிக்னல் அதே ஒரு லட்சம் மடங்குக்கு மேல் குறைந்துதான் போகணும். குறையவில்லையென்றால் லூப் கெயின் ஒன்று. அவ்வளவுதான், பெட்டி விசில் அடிக்கும். நம் காதுக்குக் கேட்காத விசில். அது டவரைப் போய் அடைந்தால், அந்த டவரை நம்பி இருக்கிற எல்லாருடைய பேச்சும் கெடும். அதனால்தான் ஆஸிலேஷன் வந்தால் தன்னைத்தானே கண்டுபிடித்து அணைந்துகொள்ள வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. 1920-களில் ரெஜெனரேட்டிவ் ரேடியோ வைத்திருந்தவர்கள் குமிழைக் கொஞ்சம் அதிகமாகத் திருகினாலும் பக்கத்து வீட்டு ரேடியோ அலறும். சண்டை வரும். நூறு வருஷமாகியும் பிரச்சினை அதேதான் பாருங்க!

தகரக் கூரை இந்த இடத்தில்தான் உதவுகிறது. சிக்னலைத் தடுத்த அதே தகரம், இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் சுவராக நிற்கிறது. கூரை ஆன்டெனாவுக்குத் தரைத்தளமாகவும் ஆகிறது. 850 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 செ.மீ. கால் அலை ஆன்டெனா ஒன்பது செ.மீ. இருந்தால் போதும், ஆனால் அடியில் உலோகம் வேணும். ஃபைபர் கிளாஸ் உடம்பு வண்டியில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தகடு வைத்து, உள் ஆன்டெனாவை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கணும். என் செமினாரில் இதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்!

ஒரு தேதியும் ஒரு கையெழுத்தும்

சர்க்யூட் வேலை செய்தது. காப்புரிமைக்கு மனுப் போடணும், பணம் வேணும். முதலில் பட்டத்தை முடி என்று அப்பா பணம் தர மறுத்துவிட்டார். மோட்டார் சைக்கிளை விற்றுப் பார்த்தார், போதவில்லை. அவருடைய மாமா ஒரு யோசனை சொன்னார். படத்தை வரைந்து, நோட்டரியிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள் என்று. 1913 ஜனவரி 31 அன்று அப்படியே செய்தார். இந்தத் தேதியையும் ஞாபகத்தில் வையுங்கள்.

அதே வருஷம் பட்டம் பெற்றார். அக்டோபர் 29 அன்று மனுக் கொடுத்தார். 1914 அக்டோபர் 6 அன்று காப்புரிமை கிடைத்தது. ஆனால் டி ஃபாரஸ்டும் அது தன் கண்டுபிடிப்புதான் என்றார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் லாங்மூர், ஜெர்மனியில் மைஸ்னர் என்று இன்னும் இருவரும் உரிமை கோரினார்கள். வழக்கு ஆரம்பித்தது. அது முடிய இருபது வருஷம் ஆகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பாரீஸில் ஒரு யோசனை

முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிக்னல் படையில் கேப்டனாகச் சேர்ந்து பாரீஸ் போனார். மேஜராகத் திரும்பினார். அதிலிருந்து சாகும்வரை நண்பர்களுக்கு அவர் மேஜர்தான். 1918-இல் அங்கே அவர் உருவாக்கியது சூப்பர்ஹெட்டிரோடைன். நாம் ரேடியோ பாடத்தில் பிளாக் டயக்ராம் போட்டு மார்க் வாங்குகிறோமே, அதேதான். வருகிற சிக்னலை உள்ளூர் ஆஸிலேட்டரோடு கலந்து, ஒரே நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு இறக்கி, அங்கே வசதியாகப் பெரிதாக்குவது. ஃபிரான்சில் லூசியன் லெவி என்பவரும் இதே வழியில் முன்னரே யோசித்திருந்தார். காப்புரிமையின் சில பகுதிகள் பின்னால் அவர் பக்கம் போயின. ஆனால் அதை வேலை செய்கிற ரிசீவராக்கிக் காட்டியவர் மேஜர்.

1920-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி அவருடைய காப்புரிமைகளை 3,35,000 டாலருக்கு வாங்கியது. 1922-இல் ஆர்.சி.ஏ. கம்பெனி சூப்பர் ரெஜெனரேஷன் என்ற இன்னொரு சர்க்யூட்டுக்கு 2 லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கொடுத்தது. முப்பத்திரண்டு வயதுக்குள் கோடீஸ்வரர்!

கோபுரமும் கல்யாணமும்

ஆர்.சி.ஏ.யில் டேவிட் சார்னாஃப் பெரிய பதவிக்கு வந்துகொண்டிருந்தார். மேஜருக்கு நண்பர். அவருடைய காரியதரிசி மரியன் மெக்கின்னிஸ். மேஜருக்கு அந்தப் பெண்மேல் பிரியம். 1923-இல் நியூயார்க்கில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் மேல் ஆர்.சி.ஏ. 115 அடி ரேடியோ கோபுரம் கட்டியது. மேஜர் அதன் உச்சிக்கே ஏறிப்போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு, அதை மரியனுக்கு அனுப்பிவைத்தார். சார்னாஃப் கோபப்பட்டு, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டார். மரியன் கோபப்படவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 1 அன்று கல்யாணம் நடந்தது. கல்யாணப் பரிசு என்ன தெரியுமா? கையில் தூக்கிக்கொண்டு போகிற சூப்பர்ஹெட்டிரோடைன் ரேடியோ! பெட்டி கனம்தான். ஆனாலும் தேனிலவுக்குப் போன ஃபுளோரிடா கடற்கரையில் அதை வைத்துக் கேட்டார்கள். போகிற இடத்துக்கெல்லாம் சிக்னலும் கூடவே வரவேண்டும் என்கிற ஆசை, கேம்பர் வேன்காரர்களுக்கு முன்னாலேயே அவருக்கு இருந்திருக்கிறது.

இரைச்சலை வென்றவர்

அந்தக் கால ரேடியோ எல்லாம் ஏ.எம். இடி மின்னல் வந்தாலும், பக்கத்தில் மோட்டார் ஓடினாலும் கரகரவென்று இரைச்சல். சிக்னலைப் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். ஆம்ப்ளிஃபையரின் அப்பாவுக்கே இது புரிந்திருந்தது. பெரிதாக்குவது மட்டும் போதாது, இரைச்சலிலிருந்து சிக்னலைப் பிரிக்க வேணும்.

இரைச்சல் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கிறது. அப்படியானால் செய்தியை உயரத்தில் வைக்காமல் அதிர்வெண்ணில் வைத்தால்? இதுதான் எஃப்.எம். இந்த யோசனை பழையது. ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் ஜான் கார்சன் 1922-இலேயே கணக்குப் போட்டு, இதனால் லாபம் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். அவர் கணக்கு குறுகிய அலைப்பட்டைக்கு. மேஜர் நேர்மாறாகப் போனார். பட்டையை அகலமாக்கினார். ரிசீவரில் லிமிட்டர் வைத்து உயரத்தில் ஏறிய இரைச்சலை வெட்டி எறிந்தார். 1933 டிசம்பர் 26 அன்று காப்புரிமைகள் கிடைத்தன.

1934-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சோதனை நடந்தது. லாங் ஐலண்டில் எழுபது மைலுக்கு அப்பால் சுத்தமாகக் கேட்டது. ஆனால் அதே வருஷம்தான் ரெஜெனரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இருபது வருஷப் போராட்டம் தோற்றது. ரேடியோ பொறியாளர் சங்கம் 1917-இல் தனக்குக் கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க மேஜர் மேடை ஏறினார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது. கூடியிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீதிமன்றத்துக்குப் புரியாதது, சர்க்யூட் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருந்தது.

1935-இல் ஆர்.சி.ஏ., எம்பயர் ஸ்டேட்டிலிருந்து அவர் கருவிகளை எடுக்கச் சொன்னது. டெலிவிஷனுக்கு இடம் வேணும் என்று காரணம். ஏ.எம். தொழிலில் பெரிய முதல் போட்டவர்களுக்கு எஃப்.எம். இனிக்கவில்லை. மேஜர் அசரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 5 அன்று பொறியாளர் கூட்டத்தில் நேரடியாகச் செய்து காட்டினார். கிளாஸில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் காகிதம் கசங்குகிற சத்தமும் அப்படியே கேட்டன. பிறகு தன் சொந்தப் பணத்தில் நியூஜெர்ஸியில் ஆல்பைன் என்ற இடத்தில் 400 அடிக்கு மேல் உயரமான கோபுரம் கட்டி, சொந்தமாக ஒலிபரப்பே ஆரம்பித்துவிட்டார்.

வண்டி ஏறிய எஃப்.எம்.

வாகனத்துக்கு எஃப்.எம். ஏன் பொருந்தியது? எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ரேடியோவில் டக் டக் என்று இரைச்சல் ஏறும். அது உயரத்தில் ஏறும் இரைச்சல். எஃப்.எம். ரிசீவர் அதை வெட்டிவிடும். 1940-இல் கனெக்டிகட் மாநிலப் போலீஸ் வண்டிகளில், பேராசிரியர் டேனியல் நோபிள் வடிவமைத்த இருவழி எஃப்.எம். ரேடியோ பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் டாங்கிகளில் எஃப்.எம். போனது. முதுகில் சுமக்கிற வாக்கி டாக்கியிலும் போனது. போர் நடக்கும்வரை என் காப்புரிமைக்கு ராணுவம் காசு தரவேண்டாம் என்று மேஜர் விட்டுக்கொடுத்தார். 1983-இல் சிகாகோவில் வணிக ரீதியாகத் தொடங்கிய அமெரிக்காவின் முதல் தலைமுறை செல்போனிலும் குரல் போனது எஃப்.எம்.மில்தான். இன்றைக்கு எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது. ஆனாலும் ஓடுகிற வண்டிக்குள் சுத்தமாகப் பேசமுடியும் என்று வழி காட்டியது அவர் யோசனை. நம்ம சென்னையில் 1977 ஜூலை 23 அன்று அகில இந்திய வானொலி நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியபோது ஒலித்ததும் இதே யோசனைதான்.

முடியாத வழக்கு

1940-இல் ஆர்.சி.ஏ. அவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. மொத்தமாக ஒரே தொகை, அதற்குமேல் ராயல்டி கிடையாது. மற்ற கம்பெனிகள் ராயல்டி தரும்போது இவர்களுக்கு மட்டும் சலுகையா என்று மேஜர் மறுத்துவிட்டார்.

1945-இல் அரசு ஆணையம் எஃப்.எம்.முக்கு ஒதுக்கியிருந்த 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் இடத்தை மாற்றி, 88 முதல் 108-க்குத் தள்ளியது. மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான எஃப்.எம். ரேடியோக்கள் ஒரே உத்தரவில் வெறும் பெட்டிகளாயின. டெலிவிஷனில் ஒலிக்கு எஃப்.எம்.தான். ஆனால் ஆர்.சி.ஏ. விற்ற பெட்டிகளுக்கு அவருக்கு ராயல்டி வரவில்லை. 1948 ஜூலையில் ஆர்.சி.ஏ. மீது வழக்குப் போட்டார். வக்கீல்கள் ஒரு வருஷத்துக்கு மேல் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். 1950-இல் காப்புரிமைக் காலமே முடிந்துபோனது. வழக்கு முடியவில்லை. கோடீஸ்வரரின் பணம் கரைந்தது. வீட்டில் வேறு பேச்சே இல்லை. மரியன் முப்பது வருஷம் பொறுத்தார். 1953 நவம்பரில், ஒரு பண்டிகை நாளில், இருவருக்கும் பெரிய சண்டை. மரியன் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் மேஜர் தனியாக இருந்தார். 1954 ஜனவரி 31 இரவு, மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 63. நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய அதே ஜனவரி 31. இடையில் நாற்பத்தோரு வருஷம்.

இதைப் படித்தபோது லைப்ரரியில் மணி அடித்துவிட்டது. எழுந்திருக்க மனசில்லை.

கதை அங்கே முடியவில்லை. மரியன் வழக்கை விடவில்லை. அதே 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மற்ற கம்பெனிகள் மேல் போட்ட வழக்குகளை ஒவ்வொன்றாக நடத்தினார். 1967-இல் கடைசி வழக்கும், மோட்டரோலா மீது போட்டது, ஜெயித்தது. எஃப்.எம்.மின் தந்தை ஆம்ஸ்ட்ராங்தான் என்பது சட்டப்படியும் உறுதியானது. அவர் இன்னும் பதிமூன்று வருஷம் இருந்திருந்தால் தன் கண்ணாலேயே பார்த்திருப்பார். 1983-இல் அமெரிக்கா அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 2001-இல் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்து நியூயார்க் டெலிவிஷன் நிலையங்கள் ஊமையானபோது, சில நிலையங்களுக்குக் கைகொடுத்தது ஆல்பைனில் மேஜர் கட்டிய அந்தப் பழைய கோபுரம்!

எனக்கும் ஒரு வழக்கு இருந்தது

இப்போது என் கதை. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். இறுதியாண்டு புராஜெக்டில் என் பேட்ச்மேட்டுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சர்க்யூட் நான் வரைந்தது. போர்டு அவன் செய்தது. ரிப்போர்ட்டில் யார் பெயர் முதலில் என்று தகராறு. ஒரே ஹாஸ்டல், ஒரே மெஸ், எதிரெதிர் மேஜை. தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடுவோம். சாரிடம் புகார் கொடுக்க ஒரு கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

மேஜர் கேட்டது நியாயம்தான். உரிமையை விட்டுக்கொடு என்று அவர் கதை சொல்லவில்லை. கடைசியில் நியாயம் ஜெயிக்கவும் செய்தது. ஆனால் சண்டையைத் தூக்கிக்கொண்டு தனியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் பாருங்க, அங்கேதான் எனக்கு உறுத்தியது. நான் கடிதத்தைக் கிழித்துவிட்டு அவன் அறைக்குப் போனேன். என்ன பேசினோம் என்பது முக்கியமில்லை. முதலில் இரண்டு பேரும் கொஞ்சம் கத்தினோம், அப்புறம் டீ குடிக்கப் போனோம். பெயர்களை அகரவரிசையில் போடுவது என்று முடிவானது. அவன் பெயர்தான் முதலில் வருகிறது, என்ன செய்ய! யார் எதைச் செய்தார் என்று ரிப்போர்ட்டில் தனிப் பக்கமே எழுதினோம்.

அதனால் நண்பர்களே, உங்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, லேப் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். புதிதாக எது செய்தாலும் அன்றே சாரிடம் கையெழுத்து வாங்குங்கள். 1913-இல் ஒரு மாணவர் செய்தது நமக்கும் பொருந்தும்.

இரண்டு, செமினாரைக் கேட்டுவிட்டு யாரும் கடையில் பூஸ்டர் வாங்கி அப்பா காரில் மாட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் அரசு அனுமதியில்லாமல் அதை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஒரு பெட்டி விசில் அடித்தால் ஊருக்கே சிக்னல் போகும் என்று மேலே பார்த்தோமே, காரணம் அதுதான்.

மூன்று, அரியரோ, காதலோ, வீட்டுக் கஷ்டமோ, உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்காதீர்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். பக்கத்து அறை சாத்தியே கிடந்தால் நீங்கள் போய்த் தட்டுங்கள். வெளியே கொஞ்சமாவது சிக்னல் இருந்தால்தான் எந்தப் பெட்டியும் வேலை செய்யும். அந்தக் கொஞ்சத்தை ஒருவருக்கொருவர் நாம் கொடுக்கலாம்.

அடுத்த செமினாரில் மைக்கையும் ஸ்பீக்கரையும் தள்ளி வைத்தேன். விசில் வரவில்லை. கைதட்டல் வந்தது, கடைசி பெஞ்சிலிருந்து என் பேட்ச்மேட் தட்டியதுதான் சத்தமாகக் கேட்டது.